கழிக்க வேண்டிய எட்டு வாரம்

என் புவனாவுக்கு,

பாப்பா தூங்குகிறாள். இன்று எனக்கு மில் லீவு. வீட்டுக்குப் பின்னால் நெல் அவிக்கிற வாடை வந்ததும் நானே எழுந்து போய், நீ சாத்துகிற அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் பதினாறு வாரம். பாப்பா பிறந்தும் பதினாறு வாரம். முப்பத்திரண்டாவது வாரத்தில் உனக்குப் பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, ஆபரேஷன் பண்ணி அவளை எடுத்தார்கள். அவள் தங்கினாள், நீ தங்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை, புவனா. யாரோ ஒருத்தருடைய கேஸ் ஷீட்டைப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

நர்ஸிங் படிக்கும்போது நீ எழுதிய நீல அட்டை நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மாசமாக இருந்தபோது அதை வைத்து எனக்குப் பாடம் எடுப்பாயே. முதல் தடவை மாசமானவள் என்றால் ப்ரைமி. பிறந்த ஒரு நிமிஷத்திலும் ஐந்தாவது நிமிஷத்திலும் நிறம், நாடி, முகச் சுளிப்பு, அசைவு, மூச்சு பார்த்துப் போடுகிற மார்க் அப்கார்.

"புது மெஷின் இறக்குனா நாங்களும் இப்படித்தான் ஓட்டிப் பாத்துக் கையெழுத்துப் போடுவோம்" என்றேன்.

"மெஷின் அழாதுல்ல. இது அழுதாத்தான் மார்க்கு" என்றாய்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாசமும் ஏழு நாளும் கூட்டி, பிரசவத் தேதியை நீயே காலண்டரில் வட்டம் போட்டாய். லோடு வருகிற தேதியா என்று கேட்டதற்கு, "லோடாம்ல லோடு" என்று என் மேல் பேனாவை எறிந்தாய். அந்த வட்டம் இன்னும் இருக்கிறது.

இன்க்குபேட்டரிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து பாப்பாவை என் நெஞ்சோடு ஒட்ட வைத்துத்தான் வளர்க்கிறேன். கங்காரு பராமரிப்பு என்று எழுதி, அப்பாவும் செய்யலாம் என்று பக்கத்தில் குறித்திருந்தாய். எடை ஏறுகிறது. அந்த மட்டும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

பிறகு ஒரு வேலை செய்தேன். எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்று நீ போட்டிருந்த அட்டவணையை ஒரு தாளில் பார்த்து எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இரண்டு மாசத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். மூன்றரை மாசத்தில் தலை நிற்கும். பாப்பா ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் முட்டை போட்டேன்.

உன் அக்கா காளையார்கோவிலிலிருந்து வந்தவர், முதலில் பாப்பாவைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"இது நீங்க எழுதுனதுதான தம்பி?"

"ஆமா மதினி."

"முட்ட முட்டையாப் போட்டு வச்சிருக்கீக. மூணரை மாசமாச்சு, புள்ள மொகம் பாத்துச் சிரிக்கல. நீங்க வேலைக்குப் போறவுக, தப்பா நெனைக்காதீக. எங்கிட்ட குடுங்க, நான் வளத்துக்கிறேன்."

என் கையெழுத்தை எதிர்த்து நான் என்ன பேசுவேன்? சரி என்றேன். பையில் துணியெல்லாம் மடித்து வைத்தேன். அக்காவுக்கு உதவும் என்று உன் நோட்டையும் வைக்கப் போனவன், அட்டவணைக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

சிவப்பு மையில் எழுதியிருந்தாய். 'குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழிக்க வேண்டும். இரண்டு வயது வரை. இதுதான் திருத்திய வயது.'

மிக்ஸி வாங்கிய அன்றே, அதோடு வந்த புத்தகத்தில் நான் கட்டம் போட்ட பக்கத்தை மட்டும் பார்த்ததற்குச் சொன்னாயே, "நீங்க எதையும் படிக்க மாட்டீக, நேரா டேபிளுக்குத்தான் போவீக" என்று. பாப்பா விஷயத்திலும் அதைத்தான் செய்திருக்கிறேன். நாற்பது வாரத்துக்கு எட்டு வாரம் முந்தி வந்தவள்; அன்றைக்கு அவளுக்குப் பதினான்கு வாரம் இல்லை, ஆறு வாரம். மறுநாள் தடுப்பூசிக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸும் அதையே சொன்னார். "ஊசி மட்டும் பொறந்த தேதிப்படி. மத்ததெல்லாம் கழிச்சுத்தான் பாக்கணும்."

பாப்பாவைக் கூட்டிப்போக அக்கா ஊரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தபோது நோட்டை நீட்டினேன்.

"என்ன தம்பி, வயசக்கூடவா கொறைப்பீக?"

"அவ எழுதுனது மதினி."

உன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வாரம். அப்பவும் சிரிக்கலேன்னா புள்ள எங்கூட வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். பையை நான் பிரிக்கவில்லை.

இன்றோடு இரண்டு வாரம். காலையிலேயே வந்துவிட்டார். பாப்பாவை வாங்கியதும் எனக்கு வசவு விழுந்தது. "இப்படியா சட்டையத் திருப்பிப் போட்டு வைப்பீக? புள்ளையப் பாத்தா நாலு பேரு என்ன சொல்லுவாக?" சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"தம்பி, இங்க வாங்க. வஞ்சதுக்குச் சிரிக்கிறா. அவ ஆத்தா மாதிரியே."

நான் போய்ப் பார்ப்பதற்குள் சிரிப்பு முடிந்துவிட்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பையப் பிரிங்க. ஆடி முடியிற வரைக்கும் நான் இங்குட்டு இருந்து பாத்துக்கிறேன்" என்றார். நான் பகல் ஷிப்ட் மட்டும் கேட்டிருக்கிறேன். ஆடிக்குப் பிறகு எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

இவ்வளவு நாளும் பாப்பாவின் வயதைக் கேட்டால், நீ போய் எத்தனை நாள் என்று எண்ணித்தான் பதில் சொன்னேன். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தது. இப்போது அவளுக்கு எட்டு வாரம், உனக்குப் பதினாறு. எனக்குத்தான் இன்னும் அழுகை வரவில்லை. அதிலும் கழிக்க வேண்டிய வாரம் ஏதாவது இருக்குமா?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அடுத்த வருஷம் நீ போன நாளில் உனக்கு மட்டும் விளக்கு வைப்பேன். அன்றைக்கு அவளுக்கு மெழுகுவர்த்தி ஊத மாட்டோம். எட்டு வாரம் கழித்து, நீ வட்டம் போட்ட தேதியில்தான் அவளுக்குக் கேக். புதுக் காலண்டர் வந்ததும் அந்தத் தேதியில், நீ போட்ட மாதிரியே வட்டம் போட்டு வைக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்,
பாப்பாவின் அப்பா,
சேது