கேட்காமல் கொடுத்த எண்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் நலமா என்று அறிய ஆவலாக இருக்கிறேன், அதில் மாற்றம் இல்லை. இங்கே நாங்கள் நலம் என்று வழக்கமாக எழுதும் வரியை மட்டும் இந்தத் தடவை எழுத முடியவில்லை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஏசி மெஷின்கள் ஓடும் அறையில், கருவிப் பெட்டியின் மேல் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே அறை, போனில் எதைச் சொன்னாலும் உன் அம்மா காதில் விழும், அவள் தூங்கினாலும் விழும், உனக்கே தெரியும். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துக் கடிதம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எழுதுவதால் இரண்டு மூன்று நாள் ஆகும், நடுவில் கையெழுத்து மாறினால் பொறுத்துக்கொள்.

அடுத்த மாதம் அங்கே வர அம்மாவுக்கு டிக்கெட் போடட்டுமா என்று மூன்று முறை கேட்டாய். முழங்கால் வலி என்றும், தைக்க நிறைய துணி வந்திருக்கிறது என்றும், எனக்குச் சமைக்க ஆள் இல்லை என்றும் மூன்று விதமாகப் புளுகினேன். அம்மா இப்போது விமானத்தில் ஏறக் கூடாது. வலது கண்ணில் ஆபரேஷன் செய்து உள்ளே வாயுவை அடைத்திருக்கிறார்கள், அது கரையும்வரை உயரத்தில் பறந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடுமாம். நீ கூப்பிட்டபோதெல்லாம் அவள் தூங்குகிறாள் என்று சொன்னதும் பொய்தான். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். பத்து நாள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. என் காலைப் பார்த்துத்தான் என்னோடு பேசினாள். "கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல உங்க கால் நகத்தை இவ்வளவு கிட்டத்துல பாத்ததில்ல, முதல்ல அதை வெட்டுங்க" என்றாள். நானும் வெட்டினேன். ஆபரேஷன் முடிந்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். பார்வை திரும்பவில்லை. வெளிச்சம் தெரிகிறது, முன்னால் கையை ஆட்டினால் ஏதோ ஆடுவது தெரிகிறது, விரல் எத்தனை என்று கேட்டால் சிரிக்கிறாள். இனிமேல் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், இதில் உன் பங்கும் இருக்கிறது, அதைவிட என் பங்கு பெரியது. ஐந்தாவது மாடிக்காரரின் பேன்ட்டுக்கு அம்மா ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். இமையில் நூல் ஒட்டியிருப்பது போல வலது கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், நூல் எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, ஓரத்திலிருந்து கறுப்பாக எதுவோ இறங்கி வருகிறது என்றாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சுவரில் ஒட்டின காகிதம் உரிவது போலக் கண்ணுக்குள் பின்னால் இருக்கும் படலம் உரிகிறது, நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது உரிவதற்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும், இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தனி வரிசை, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதனால் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்பெல்லாம் கம்பெனி ஒரு கடிதம் கொடுக்கும், அதைக் காட்டினால் கதவு திறக்கும். அறுபது முடிந்த அன்றே என்னைக் கம்பெனி கணக்கிலிருந்து எடுத்து ஒரு கான்ட்ராக்டரிடம் தள்ளிவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேனா, நினைவில்லை. அதே மெஷின், அதே ஸ்பேனர், சட்டை மட்டும் வேறு நிறம். அந்தச் சட்டைக்குக் கடிதம் கிடையாது.

பணம் இல்லாமல் இல்லை தம்பி, ஆபரேஷனுக்கு வேண்டிய பணம் என்னிடம் இருந்தது. ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்தவன் கிரெடிட் கார்டு கேட்டான். சம்பளம் வரும் கார்டை நீட்டினேன். "இதுல இருக்கிற வரைக்கும்தான எடுக்க முடியும், எங்களுக்கு இல்லாததையும் எடுக்கிற கார்டு வேணும்" என்றான். கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்றேன். "சரி, உள்ள போனப்புறம் பில் ஏறுச்சுன்னா? நீங்க பாட்டுக்கு உங்க நாட்டுக்கு ஃப்ளைட் ஏறிடுவீங்க, நான் யாரைப் பிடிக்கிறது" என்று கேட்டான். ரொக்கம் என்றால் மூன்று மடங்கு முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். இருபத்துநாலு வருஷம் ஒரு இடத்தில் வேலை பார்த்தவனைப் பார்த்துச் சொல்கிறான். இருக்கிற பணத்தை நீட்டுகிறவனை வெளியே நிறுத்துகிறார்கள், இல்லாத பணத்தைச் செலவழிக்க அனுமதி வைத்திருப்பவனை நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அன்று மத்தியானமே எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் வங்கிக்குப் போனேன். அந்த வங்கிக்குள் ஏணி போட்டு ஏறித்தான் எனக்குப் பழக்கம், அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தேன். நம்மைப் போன்றவர்களுக்கென்று தமிழ் பேசும் பெண் ஒருத்தியை வைத்திருக்கிறார்கள், நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க இதுவரைக்கும் எங்கயுமே கடன் வாங்கலையே, அதனால உங்களை நம்பலாமா வேண்டாமான்னு இதுக்குத் தெரியல" என்றாள். கான்ட்ராக்டரிடம் ஐந்து மாதம்தான் ஆவதால் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனாம். அறுபதைத் தாண்டியவர்கள் புதிதாகக் கேட்டால் சம்பாதிக்கும் நெருங்கிய உறவு ஒருவரைக் காட்ட வேண்டும், அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்போம், சரியென்றால் நாளைக்கே கார்டு கையில் என்றாள். "ஜாமீன் எல்லாம் இல்ல அங்கிள், எங்கப்பாதான், குடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." உன் எண்ணைக் கொடுத்தேன். யோசிக்கக்கூட இல்லை. உறவு என்று போட்டிருந்த இடத்தில் மகன் என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன்.

அவள் இரண்டு கையாலும் தட்டச்சு செய்துகொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். உனக்கு இது தெரியாது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். முதலில் உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அலுவலகத்தில் எப்படிப் பேசுவாய் என்று நான் கேட்டதில்லை. அவள் என் பெயரைச் சொன்னாள். "ஆமா, அப்பாதான், இப்ப அதுக்கென்ன" என்றாய். விஷயத்தைச் சொன்னாள். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. "அவர் வாங்குற கார்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. இந்த வயசுல அவருக்கு எதுக்கு கிரெடிட் கார்டு? என்னைக் கேட்டா என் நம்பரைக் குடுத்தாரு? என் பேரை எடுத்துடுங்க மேடம், இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க." அவள் ஸ்பீக்கரை அணைக்கத் தேடினாள், அவசரத்தில் பொத்தான் அகப்படவில்லை. நான் மேலே பார்த்தேன். அவள் தலைக்கு மேல் இருந்த காற்று வரும் சட்டத்தைப் போன வாரம்தான் நான் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தேன், ஒரு ஸ்க்ரூ சரியாக உட்காரவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பேச்சு ரெக்கார்ட் ஆகுது அங்கிள், என்னால மாத்திப் போட முடியாது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, நான்தான் அவளுக்குப் பரவாயில்லை சொன்னேன்.

வேறு வழி ஒன்று சொன்னாள். கையில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியை வங்கியிலேயே பூட்டி வைத்தால் அதை நம்பி ஒரு கார்டு கொடுப்பார்கள், பத்து நாள் ஆகும். போட்டுவிட்டு வந்தேன். தம்பி, இங்கேதான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. டாக்டர் கொடுத்தது மூன்று நாள். வங்கி சொன்னது பத்து நாள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, டேய், அம்மாவுக்குக் கண் போகப்போகிறது என்று ஒரு வரி சொல்லியிருந்தால், நீ இருந்த இடத்திலிருந்தே உன் கார்டில் ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருப்பாய், மறுநாள் காலையில் அவளை உள்ளே சேர்த்திருப்பேன். நீ செய்திருப்பாய் என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை. போனைக் கையில் எடுத்தேன், உன் பெயர் வரைக்கும் போனேன், வைத்துவிட்டேன். அவருக்கு எதுக்கு என்று கேட்டவனிடம் போய் நிற்பதா என்று இருந்தது. வீம்பு, வேறு பெயர் இல்லை அதற்கு. மறுநாளும் அப்படியே. நடுவில் ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டாய், குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாய், நான் நன்றாகச் சிரித்துப் பேசினேன். அம்மா பக்கத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் அவள் எழுந்து, வலது பக்கம் முழுவதும் இருட்டிவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னாள். அன்றைக்கு இந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது லிஃப்ட் பார்ப்பவன் வந்து என்ன அண்ணே என்றான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவனுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, ஆனாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டான். "இருபத்துநாலு வருஷமா இந்த பில்டிங்கையே கூலா வெச்சிருக்கீங்க, உங்க மண்டையை மட்டும் ஆற வைக்க ஆளில்லையா? பெத்த புள்ளகிட்ட கோவிச்சுக்கிறதுக்கு அண்ணியோட கண்ணுதான் கெடச்சுதா உங்களுக்கு?" என்றான். சொல்லிவிட்டு மாடி மாடியாகப் போனான். காவலாளிகள், கழிவறை துடைப்பவர்கள், மூன்றாம் மாடியில் தேநீர் கொடுக்கும் அம்மா, எல்லோரும் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று மடங்கு சேர்ந்துவிட்டது. அவர்களிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பதாம் நாள் ஆபரேஷன். டாக்டர் திட்டவில்லை, முன்பே ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். கார்டு இல்லை என்றேன். அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

கார்டு வந்தது, ஆபரேஷனுக்கு நாலு நாள் கழித்து. நல்ல காகிதத்தில் வைத்து, வாழ்த்துகள் என்று அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். கவரைக் கிழித்ததோடு சரி, இன்னும் ஒரு தடவைகூட உபயோகிக்கவில்லை. அம்மாவிடம் வங்கிதான் வயதைக் காட்டி இழுத்தடித்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் வங்கியைத்தான் திட்டுகிறாள்.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் அவள் குப்புறப் படுத்திருந்த நாட்களில்தான் இறங்கியது. நீ சொன்னதில் அவருக்கு எதுக்கு என்பது மட்டும்தான் அதுவரை என் காதில் நின்றது. அதற்கு அடுத்த வரி பிறகுதான் கேட்டது, என்னைக் கேட்டா குடுத்தாரு என்றது. உன் சித்தப்பா உன்னைக் கேட்காமல் தன் கடன் பத்திரத்தில் உன் எண்ணை எழுதிக் கொடுத்து, வசூல்காரர்கள் உன் அலுவலகத்துக்கே போன் செய்து எல்லோர் முன்னாலும் உன்னைக் கேவலப்படுத்தினார்களே, அப்போது நீ என்னிடம் அழுதாய். நான் என்ன சொன்னேன், சொந்தத்துக்குள்ளே இதெல்லாம் சகஜம், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றேன். அதன் பிறகு நானும் அதையே செய்தேன். பிள்ளையிடம் போய் உன் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று எந்த அப்பனாவது கேட்பானா என்ற நினைப்பு. கேட்டிருந்தால் எதற்கு என்று நீ கேட்டிருப்பாய், அம்மாவின் கண் என்று நான் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் இருந்தது நடுவில்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன், நான் உன்னைக் கூப்பிடாமல் இருந்ததை மட்டும். வங்கியில் நீ பேசினது அவளுக்கு வேண்டாம், அது இந்தக் கடிதத்தோடு நிற்கட்டும், நீயும் சொல்லாதே. இடது கண்ணிலும் ஒரு இடம் மெலிந்திருக்கிறது, லேசர் வைத்து அடைக்க வேண்டும் என்கிறார்கள், பயப்படும்படி இல்லை. அதற்கான படிவத்தில் என்னைத் தவிர இன்னொரு உறவினரின் எண் கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு வந்திருக்கிறேன். உன் எண்ணை எழுதட்டுமா தம்பி? வேண்டாம் என்றாலும் சொல், லிஃப்ட்காரன் தன் எண்ணைத் தருகிறேன் என்றிருக்கிறான், நான் வருத்தப்பட மாட்டேன்.

பணம் எதுவும் அனுப்பாதே, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வா. மருமகளிடம் பக்குவமாகச் சொல். குழந்தையைத் தரையில் விடும்போது ஊசி, பின் எதுவும் கிடக்கிறதா பார். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு.

மறக்காமல் ஒன்று. இனி வீடியோவில் கூப்பிட்டால் அம்மா முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள். கோபம் என்று நினைத்துவிடாதே. அப்படித் திரும்பினால்தான் உன்னை முழுதாகப் பார்க்க முடிகிறது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா