ஏழு கறுப்பு சுவிட்சு

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேலயே இருக்கு. சுட வெச்சுச் சாப்பிடுங்க. நேத்து மாதிரி கோவிச்சுக்கிட்டு வெறும் வயித்தோட படுத்துடாதீங்க.

காலையில நீங்க தூங்கும்போது ஷெட்டுக்குப் போனேன். நீங்க கட்டுற விமானத்துல ஏறி உட்கார்ந்து, இருட்டுல தேடுற மாதிரி கண்ணை மூடிக்கிட்டு என்ஜினுக்குப் பெட்ரோல் ஏத்துற பம்ப் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். கண்ணைத் திறந்தா, நான் தட்டியிருந்தது பக்கத்துல இருக்கிற, என்ஜினை நிறுத்துற சுவிட்சு! தரையில நிக்கும்போதே இந்தக் கதின்னா?

"ஏழு சுவிட்சும் ஒரே மாதிரி இருந்தாத்தான் அழகு, உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்"னீங்க. ஆமா, பயம்தான். அழகைப் பார்த்துப் பொண்டாட்டி கட்டினீங்க, சரி. சுவிட்சுமா?

சாயங்காலம் அந்த சுவிட்சுக்கெல்லாம் ஒயர் இழுக்க எலக்ட்ரீஷியன் வருவார். இன்னிக்கு வேலை வேண்டாம்னு அனுப்பிடுங்க. நிறுத்துற சுவிட்சைத் தனியா தள்ளி வெச்சு, அது மேல ஒரு மூடி போடணும். பம்புக்கு உருண்டைத் தலை உள்ளதா வாங்குங்க. தொட்டாலே தெரியணும்.

ஷெட் சாவியை என் பையிலேயே எடுத்துட்டுப் போறேன். அதைத் தேடி வீட்டைத் தலைகீழாக்காதீங்க.

இன்னொண்ணு. இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து சமையலறையில லைட்டைப் போடப் போய் ஃபேனைத்தான் போடுறீங்க. நானும் சிரிச்சுக்கிட்டே இருந்துட்டேன். இங்கே மாத்திப் போட்டா ஃபேன் சுத்தும். அங்கே, அவ்வளவு உயரத்துல, விமானத்து மூக்குல சுத்துற விசிறி நின்னுடும்.