பாப்பாவின் குறிப்புக்கு ஒரு நகல்

ஓசூர், 26-7-98, ஞாயிறு

இன்று நான் செய்தது சுத்த முட்டாள்தனம். பாப்பாவுக்கு வலிப்பு வந்த நாளையும் நேரத்தையும் சாந்தி சொல்லச் சொல்ல வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வந்தேன். நாளை பெங்களூர் டாக்டரிடம் காட்ட வேண்டும். எதற்கும் ஒரு நகல் இருக்கட்டும் என்று, வெளியே மாட்டும் டிஸ்க்கைக் கம்பெனியில் மறுபடி இரவல் வாங்கி வந்தேன். காப்பி போடும்போது திசையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். டிஸ்க்கில் கிடந்த போன மாத நகல் கம்ப்யூட்டரில் ஏறி, இந்த மாதக் குறிப்பு முழுதும் போய்விட்டது.

சாந்தியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"அந்தப் பொட்டிய நம்பியா நான் இருக்கறேன்?"

சமையலறைக் காலண்டரைக் கழற்றிக் கொடுத்தாள். தேதிகளுக்குக் கீழே பென்சிலில் நேரம் குறித்திருந்தாள்.

நான் ஏற்றியிருந்தது ஐந்து. காலண்டரில் ஒன்பது. கூடுதலான நான்கும் எனக்கு செகண்ட் ஷிப்ட் இருந்த நாட்கள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா லேத்துல கைய வெச்சிகினு இதையே நெனச்சிகினு இருப்பீங்க. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

ஒன்பதையும் ஏற்றிவிட்டேன். இந்த முறை காப்பி சரியாகப் போனது.

செவ்வாயிலிருந்து மறுபடி செகண்ட் ஷிப்ட்.