பேரா, இருமலா?

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளையிடம் பிளாஸ்கும் துவைத்த துணிகளும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். குழந்தையைப் பார்க்க இன்று ஆஸ்பத்திரிக்கு வராததற்கு முழங்கால் வலி என்று அவரிடம் சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று உன் மாமியார் குழந்தையை என் மடியில் வைத்துப் பேரைச் சொன்னதும், "என்னடி இது, பேரா, இருமலா?" என்று சிரித்தேன். அவர்கள் யாருக்கும் நம் பாஷை தெரியாதே என்ற தைரியம். நான் என்ன சொன்னேன் என்று அவர்கள் கேட்க, நீ ஏதோ நல்லதாகச் சொல்லிச் சமாளித்தாய். அவர்கள் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது காரில் மாப்பிள்ளை திக்கித் திக்கி நம் பாஷையிலேயே பேசினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அத்தை, அந்தப் பேருக்கு எங்க பாஷையில 'தனியா நின்னு வளர்த்தவ'ன்னு அர்த்தம். உங்களை நினைச்சுதான் அம்மா வச்சாங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

உன் அப்பா போன பிறகு நான் பட்ட பாட்டைப் பற்றி நம் சொந்தத்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த அம்மாள் அதைப் பேத்திக்கே பேராக வைத்திருக்கிறார்கள்.

நாளை வருகிறேன். நான் சொன்னதை உன் மாமியாரிடம் நானே சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன். இந்தத் தடவை என்னைக் காப்பாற்றாமல், நான் சொல்வதை அப்படியே அவர்கள் பாஷையில் சொல்லு.

உன் அம்மா