குடிக்காதவரின் ஈரல்

அண்ணா,

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் திசுவை ஊறவைக்கும் ஃபார்மலின் வாடை போகவில்லை. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரும் பஸ்ஸில், வெளியே குறுவை அறுப்பு நடக்க, எனக்கு அந்த வாடைதான் வந்துகொண்டிருந்தது. உங்கள் ஞாபகமும்.

ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் நாளத்தில் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்பதுதான், நீங்கள் இருந்தபோதும், என் ஆய்வு. உங்கள் கண் மஞ்சளானபோது முதலில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தீர்கள். பிறகு ஸ்கேன் எடுத்தோம். படத்தை நான் பார்க்க, நான் ஆராயும் அதே நோய்தான் என்று என் முகத்தைப் பார்த்தே நீங்கள் புரிந்துகொண்டீர்கள்.

ஊர் வேறு மாதிரி புரிந்துகொண்டது. ஈரலில் நோய் என்றால் குடி. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத உங்களை, "கமுக்கமா குடிச்சிருக்காரு" என்றார்கள். உங்கள் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நோயைவிட அதுதான் உங்களைத் தின்றது.

அறுவைக்கு முதல் நாள், ஆய்வுக்குத் திசு தருவீர்களா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. நீங்களே சொன்னீர்கள்: "வெட்டி எடுக்கறத நீயே வச்சுக்கம்மா. நான் குடிச்சேனா இல்லையான்னு அதுவாவது சொல்லட்டும்."

சொன்னது. கட்டியைச் சுற்றியிருந்த ஈரலில் குடி கெடுத்ததற்கான தழும்பு எதுவுமில்லை. கட்டிக்குத் தள்ளி, பார்வைக்கு நன்றாயிருந்த நாளங்களிலேயே செல்கள் வரிசை தப்பத் தொடங்கியிருந்தன. வலியே இல்லாமல், வெகுகாலமாகவே நடந்திருக்க வேண்டும். ஓடிவந்து சொன்னேன்.

"இத மைக் செட்டு கட்டியா ஊருக்குச் சொல்றது?" என்று சிரித்தீர்கள். அடுத்த நடவுக்கு நீங்கள் இல்லை.

உங்களுக்கு ஏன் வந்தது என்பது இன்னும் தெரியவில்லை, அண்ணா. மாதிரிகள் சேர்கின்றன, கண் எரிகிறது, கேள்வி அப்படியே கிடக்கிறது. விட்டுவிடலாமா என்று தோன்றும் நாட்கள் அதிகமாகிவிட்டன.

இன்று காலை வேதாரண்யத்திலிருந்து ஓர் உப்பளத் தொழிலாளி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். மஞ்சள் கண். நான் வாய் திறக்கும் முன்பே அவர் மனைவி, "இவரு குடிக்கவே மாட்டாருங்க டாக்டரம்மா" என்று கும்பிட்டார்.

"எங்கண்ணனும் தொட்டதில்லம்மா. அவருக்கும் இதேதான் வந்துச்சு."

அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார். "இப்ப நல்லாருக்காங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்லங்க."

எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். பிறகு, "அவங்க குடிக்கலன்னு சொல்ல நீங்க இருக்கீங்க. இவருக்காகவும் சொல்லுங்கம்மா" என்றார்.

சரி என்றிருக்கிறேன். நாளைக்கும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், அண்ணா.