‘தெரியாது’ என்று எழுதிய பெட்டி

வேங்கிக்கால்
17.4.2005

அன்புள்ள அத்தைக்கு,

காலை 10.40. அந்த நேரத்தை என் போன் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறது. போளூர் பக்கம் ஒரு செல்போன் டவரில், நாற்பது மீட்டர் உயரத்தில், பெல்ட் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கீழ்வீட்டு ஜோதியம்மாள்தான் கூப்பிட்டார். “தம்பி, உடனே வாப்பா. கலெக்டர் ஆபீஸ் வளைவுல செல்வி வண்டிய வேன் இட்ச்சிட்டுது” என்றார். போய்விட்டாள் என்று அவர் சொல்லவில்லை. குரலிலேயே தெரிந்துவிட்டது. கீழே இறங்க இருபது நிமிடம் ஆனது. ஒவ்வொரு படியிலும் கொக்கியைக் கழற்றி மாட்டித்தான் இறங்கினேன். அவசரத்திலும் கை பழக்கத்தை விடவில்லை.

அதற்கு முப்பத்தெட்டு நிமிடம் முன்னால், 10.02க்கு, செல்வியே கூப்பிட்டாள். நான் கட் பண்ணினேன். வேலை நேரத்தில் எப்போதும் கட் பண்ணுவேன், பிறகு கூப்பிடுவேன். அவளுக்கும் அது பழக்கம்தான்.

இதை நேரில் சொல்ல முடியவில்லை. உங்கள் தெரு டெலிபோன் பூத்துக்கு நான்கு முறை நம்பர் போட்டேன், ரிங் போகும்போதே வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

சினேகாவை உங்களிடம் விட்டுவிட்டு, பெற்றவன் பார்க்கக்கூட வரவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். போன தடவை நான் பைக்கை நிறுத்தியதும் ஓடி வந்தாளே, என்னிடம் வரவில்லை. பின்சீட்டைப் பார்த்தாள். சுற்றி வந்து அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். இரண்டரை வயதுப் பிள்ளை, அழக்கூட இல்லை. அதற்குப் பிறகு உங்கள் ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்பவே கை வரவில்லை.

இன்னொரு விஷயம். மாடியில் செல்வி வைத்த டேபிள் ரோஸ் செடிகள் உங்களுக்குத் தெரியும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டிகள், மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றிலும் ஐஸ் குச்சியில் பூவின் கலரை எழுதிச் சொருகியிருக்கிறாள். ராணி கலர், மஞ்சள், வெள்ளை, சிகப்பு அடுக்கு. ஒரு குச்சியில் மட்டும் ‘தெரியாது’ என்று இருக்கிறது.

அவள் போனதிலிருந்து ஒரு பூகூடப் பூக்கவில்லை, அத்தை. நோட்டில் தேதி போட்டுக் குறித்து வருகிறேன். முப்பத்து மூன்று நாள், எல்லாம் பூஜ்யம். காலை ஆறரைக்குப் பார்த்தால் மொட்டு. ஏழேகாலுக்குக் கிளம்பி சாயங்காலம் ஏழுக்கு வந்து பார்த்தால் அது சுருங்கித் தொங்குகிறது. விரியாமலே சாகிறது. தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு வேளை ஊற்றினேன். யூரியா போட்டேன். வெயில் ஜாஸ்தி என்று போன வாரம் எல்லாவற்றையும் ஷீட் கூரைக்கு அடியில் நகர்த்தினேன். இப்போது தண்டு கறுத்து அழுகுகிறது.

அவள் போனதற்கும் செடி பூக்காததற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஆனால் இரண்டுக்கும் ஒரே தேதி வருகிறது. என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
இளவரசன்


அடி அண்ணாமலை
21.4.2005

மாப்பிள்ளை இளவரசனுக்கு அத்தை ராணியம்மாள் எழுதிக்கிறது. இங்க நானும் பாப்பாவும் சொகம். நீங்க சாப்பிடுறீங்களா இல்லையான்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். பால்வாடிப் பிள்ளைங்களுக்கு அ, ஆ எழுதிப் போட்ட கை இது, எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும், படிச்சிக்குங்க.

நீங்க இருக்கிறது துபாய் இல்ல, வேங்கிக்கால். பஸ்ஸு ஏறினா முக்கா மணி நேரம். அதுக்கு ஸ்டாம்ப்பு ஒட்டி லெட்டர் போட்ட மாப்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நீங்க ஒருத்தர்தான். போஸ்ட்மேனு என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போறாரு.

லெட்டரை ரெண்டு தரம் படிச்சேன். மொத தரம் அழுதேன். ரெண்டாந்தரம் சிரிப்பு வந்துடுச்சு. பெத்தவளுக்கு சிரிப்பு வருதேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

பூக்கலன்னு எழுதியிருக்கீங்களே, நீங்க இன்னா நேரத்துக்குப் பார்க்கிறீங்க? அது வெயில் ஏறினாத்தான் கண்ணைத் திறக்கும், பத்து மணி ஆவும். ரெண்டு மணிக்கெல்லாம் மூடிக்கும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. எங்க தெருவுல அதுக்கு பத்து மணிப் பூன்னுதான் பேரு. காலையில நீங்க பார்த்தது பூக்கப்போற மொட்டு. சாயங்காலம் பார்த்தது பூத்து முடிச்ச பூ. ஷீட்டுக்கு அடியில தள்ளுற வரைக்கும் அது தெனம் பூத்துக்கிட்டுதான் இருந்திருக்கு மாப்ள. யாரும் பார்க்கல, அவ்ளோதான்.

செல்வி இங்க வரும்போதெல்லாம் சொல்லுவா: “நாலு வருசமாச்சும்மா, அவரு என் பூவை ஒரு நாளு பார்த்ததில்ல. ஞாயித்துக்கெழம ஒண்ணு இருக்கே, அன்னிக்கும் பத்து மணிக்கு டவர்ல ஏதோ பழுது, அலாரம்னு ஓடுறாரு.” கொறையா சொல்லல. சிரிச்சிக்கிட்டுதான் சொல்லுவா.

அந்த பத்து ரெண்டுக்கு எதுக்குக் கூப்பிட்டான்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ஏதாச்சும் எழுதி உங்க மனச ஆத்தலாமான்னு பார்த்தேன். பொய் எழுத வரல.

இப்ப இதைச் செய்யுங்க. பெட்டிய வெயிலுக்கு இழுங்க. அழுகுனத வெட்டிப் போடுங்க. நல்ல தண்டா விரல் நீட்டுக்கு ஒடிச்சு ஒரு நாள் நிழல்ல காய விடுங்க. அப்புறம் மணல் கலந்த மண்ணுல சொருகுங்க. மண்ணு காய்ஞ்சாத்தான் தண்ணி, அதுவும் கம்மியா. அந்த இலையைப் பாருங்க, குண்டு குண்டா இருக்கும். தனக்கு வேணும்கிற தண்ணிய அது உள்ளேயே வச்சிருக்கு. நீங்க பாசத்துல ஊத்தி ஊத்திக் கொன்னுடாதீங்க.

பாப்பா ராத்திரியானா டவர் மேல செகப்பு லைட்டைக் காட்டி “அப்பா” ன்னுது. இங்கேருந்து பார்த்தா மூணு டவர் தெரியுது. மூணும் அப்பாதான்.

அத்தை


வேங்கிக்கால்
27.4.2005

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பிடுகிறேன்.

சித்ரா பௌர்ணமிக்கு மூன்று நாள் படுக்கவில்லை. கிரிவலம் வந்த கூட்டம் அத்தனையும் ஒரே நேரத்தில் “எங்க இருக்க, எங்க இருக்க” என்று போனில் தேடினால் எந்த டவர் தாங்கும்? உங்கள் ஊர் வழியாகவே இரண்டு முறை ஜெனரேட்டர் வண்டியில் போனேன். உங்கள் தெரு முனையில் நிறுத்தச் சொல்ல நினைத்தேன். டிரைவர் ஹார்ன் அடித்தபடி போய்விட்டார்.

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். பதினான்கில் ஒன்பது பெட்டி தேறும். ‘தெரியாது’ பெட்டியில் ஒரே ஒரு தண்டுதான் நன்றாக இருந்தது. ஒடித்துக் காயவைத்து நட்டிருக்கிறேன். பூஜ்யம் போட்ட நோட்டைக் கிழித்துவிட்டேன். தப்பு செடியில் இல்லை, அளந்த நேரத்தில்.

ஆனால் பத்து மணிக்கு மாடிக்குப் போய்ப் பார் என்று சொல்லாதீர்கள். அந்த முப்பத்தெட்டு நிமிடம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. டவர் மேலே இருந்தால் கை வேலை பார்க்கும், தப்பித்துக்கொள்வேன். லீவு நாளில் ஒன்பதரைக்கே பைக்கை எடுத்துவிடுவேன். செங்கம் ரோட்டில் எங்கே போகிறேன் என்று தெரியாமல் போய், 10.40 தாண்டியதும் எந்த ஊர் வருகிறதோ அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். பௌர்ணமிக்கு முந்தின ஞாயிறு அது ஒரு கல்யாண மண்டப வாசல். பன்னீர் தெளித்து, சந்தனத் தட்டை நீட்டினார்கள்.

போன் அடித்தால் உடம்பு முழுக்கத் தூக்கிப்போடுகிறது. அடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். என் வேலையே அதுதான் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை.

இளவரசன்


வேங்கிக்கால்
14.5.2005

அன்புள்ள அத்தைக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். நாசிக்கில் ஒரு வேலை வந்திருக்கிறது. கம்பெனி அனுப்பவில்லை, நானே கேட்டு வாங்கினேன். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். வீட்டைக் காலி பண்ணுகிறேன் என்று ஜோதியம்மாளிடம் சொல்லிவிட்டேன். “எங்க போனாலும் மணி பத்து ஆவும்டா தம்பி” என்றார்.

சினேகா உங்களிடமே வளரட்டும். உங்களைவிட அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது. வருடத்துக்கு ஒரு முறை வருகிறேன். இந்த வயதில் மறப்பது சுலபம் என்கிறார்கள். என்னையும் சேர்த்து மறந்துவிட்டால் அவளுக்குத்தான் நல்லது.

ஒன்பது பெட்டிகளையும் 28ஆம் தேதி ஆட்டோவில் அனுப்புகிறேன். ‘தெரியாது’ வேர் பிடித்துவிட்டது. அதையும் சேர்த்துத்தான்.

என்மேல் கோபம் வேண்டாம்.

இளவரசன்


அடி அண்ணாமலை
18.5.2005

மாப்பிள்ளைக்கு,

கோபம் இல்லாம எழுதணும்னு ரெண்டு நாள் கழிச்சு உட்கார்ந்தேன். அப்பவும் இருக்கு.

பிள்ளைய என்கிட்ட குடுத்துட்டீங்க. இப்ப பூவையும் குடுக்கிறீங்க. எல்லாத்தையும் இங்க எறக்கி வச்சிட்டு நீங்க இன்னாத்த எடுத்துக்கிட்டு நாசிக்குக்குப் போறீங்க? அந்த போனையா?

பாப்பாவ வச்சிக்கிறேன். கேட்காமலே வச்சிக்குவேன், எம் பொண்ணு பெத்தது. எட்டுப் பெட்டியையும் வச்சிக்கிறேன். அந்த ஒண்ண மட்டும் அனுப்பாதீங்க, வாங்க மாட்டேன். அது எப்படி வந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தை மாசம் பௌர்ணமிக்கு நானும் அவளும் மலை சுத்தினோம். சாயங்காலம், ஒரு வீட்டு காம்பவுண்டு ஓரமா மூடிக்கிடந்துது. “யம்மா, இந்த மாதிரி இலை நம்மகிட்ட இல்ல”ன்னு ஒரு கிள்ளு கிள்ளி முந்தானையில முடிஞ்சிக்கினா. பூ மூடியிருந்துதா, அதான் கலரு தெரியல. அப்புறம் எப்ப வந்தாலும் “இன்னும் பூக்கலம்மா, இன்னும் பூக்கலம்மா”ன்னுவா. அது இன்னா கலருன்னு பார்க்காமலே அவ போயிட்டா. இல்ல, பார்த்துட்டுதான் போனாளோ, எனக்குத் தெரியாது. அதை யாராச்சும் ஒருத்தர் பார்க்கணும். நான் பார்க்கிறது கணக்கு இல்ல. அவ காட்டணும்னு நெனச்சது எனக்கு இல்ல.

இன்னொண்ணு. எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். நேத்து காலையில வாசல்ல பைக்கு சத்தம் கேட்டுச்சு. பாப்பா பாதி இட்டிலியோட ஓடினா. நான் பின்னாலயே போனேன். மாப்ள, இந்தத் தரம் அவ பின்சீட்டைப் பார்க்கல. ஓட்டுற ஆளு மூஞ்சியப் பார்த்தா. வந்தது பால்காரரு. அப்பதான் அழுதா. இத்தினி நாளா அழாத பிள்ளை.

அவ இப்ப தேடுறது உங்கள.

இதுக்கு மேல நீங்களும் நாசிக்கும்.

ராணியம்மாள்


வேங்கிக்கால், மாடி
26.5.2005, காலை 9.35

அன்புள்ள அத்தைக்கு,

இன்று லீவு சொல்லிவிட்டேன். பைக் சாவியை ஜோதியம்மாளிடம் கொடுத்து, பதினொரு மணி வரை கேட்டாலும் தராதீர்கள் என்றேன். “அழுதாலுமா?” என்றார். அழுதாலும் என்றேன்.

‘தெரியாது’ பெட்டியில் நேற்று சாயங்காலம் மொட்டு நுனி லேசாகத் தெரிந்தது. என்ன கலர் என்று சொல்ல முடியவில்லை. தண்ணித் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, தொடை மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன்.

9.50. ஒன்றும் இல்லை. இரண்டு முறை எழுந்து படிக்கட்டு வரை போய்விட்டேன். சாவி இல்லை என்று ஞாபகம் வந்து திரும்பினேன். மஞ்சள் பெட்டியில் ஒன்று பாதி பிரிந்திருக்கிறது. எங்கிருந்தோ சின்னத் தேனீ வந்துவிட்டது. இதற்குத் தெரிந்த நேரம் எனக்கு நாலு வருடமாகத் தெரியவில்லை.

10.02. போன் அடித்தது. ஆபீஸ். எந்த டவரிலாவது அலாரமாக இருக்கும். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது. கட் பண்ணினேன். அந்த மாதிரிதான் அன்றைக்கும் கட் பண்ணினேன், அதே பொத்தான். இப்போது கட் பண்ணினது எதற்கு என்றாவது எனக்குத் தெரியும்.

10.10க்குப் பிறகு நான் எழுதவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது 10.55. விரிந்துவிட்டது, அத்தை. கலரை எப்படிச் சொல்வது? ஆரஞ்சு வயருக்கும் ரோஸ் வயருக்கும் நடுவில் ஒன்று இருந்தால் அது. எங்கள் கலர் கோடில் அப்படி ஒரு வயர் கிடையாது. நடுவில் மஞ்சள். காகிதத்தைவிட மெல்லிசு. செல்வி இதைப் பார்த்தாளா, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. தெரியப்போவதும் இல்லை. அந்தக் குச்சியை மாற்றப் பேனாவை எடுத்தேன், என்ன எழுதுவது என்று வரவில்லை. ‘தெரியாது’ என்றே இருக்கட்டும். சினேகா பேர் வைத்தால் எழுதிக்கொள்ளலாம்.

10.40 எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. போஸ்ட்மேன் உங்களை இனிமேல் ஒரு மாதிரி பார்க்க வேண்டாம். பக்கத்திலேயே இன்னொரு மொட்டு இருக்கிறது, நாளைக்குப் பூக்கும். நாளை எட்டு மணிக்கு இதை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிப்பதற்குள் சினேகாவுக்கு நானே தலை சீவிவிடுகிறேன். அவள் முன்னால் டேங்க் மேல் உட்காரட்டும். பின்சீட்டில் நீங்கள். அது காலியாக இருக்கக் கூடாது. ஒன்பதரைக்குள் மூன்று பேரும் இங்கே மாடியில் இருக்க வேண்டும்.

வரவில்லை என்று நாசிக்குக்கு எழுதின கடிதம் இன்னொரு கவரில் இருக்கிறது. அதற்குத்தான் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன்.

ஆபீஸிலிருந்து யாராவது தேடி வந்தால், ஒரு வேலையாக மாடியில் இருக்கிறார் என்று ஜோதியம்மாளைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். போனை அணைத்து வைத்திருக்கிறேன்.

இளவரசன்