போன் வேறு, ஆள் வேறு

பிரியமுள்ள அண்ணிக்கு,

இது உங்களை வந்து சேரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த வேலையைப் பற்றிப் பேச கள்ளக்குறிச்சியில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கல்வராயன் மலை மருத்துவ முகாமுக்கு நாம் எழுதிய எக்ஸ்எம்எல் ஸ்கீமாவை, நோயாளி விவரங்களைக் கணினியில் எப்படிப் பதிவது என்று சொல்லும் அந்த அமைப்பை, நீங்கள் போன பிறகு புது மேலாளர் மாற்றச் சொன்னார். நோயாளியின் பதிவுக்குள்ளேயே போன் எண், அதுவும் கட்டாயம். மலையில் பலரிடம் போன் இல்லை என்றேன். "இந்தக் காலத்துல யார்கிட்டங்க இல்ல?" என்றார்.

பதிவு செய்யும் கோகிலா, போன் இல்லாத எல்லோருக்கும் தன் எண்ணையே போட்டுவிட்டாள்.

பிறகு முகாம் தேதி மாறியது. அத்தனை தகவல்களும் அவள் போனுக்கே போயின. அவளோ நைனார்பாளையத்தில் காய்ச்சலில் கிடந்தாள். வலிப்பு மாத்திரை தீர்ந்த மகளைத் தூக்கிக்கொண்டு மலையில் நடந்து வந்த சின்னம்மா என்ற பெண், முகாமின் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினாள். வழியிலேயே குழந்தைக்கு வலிப்பு. பிழைத்துக்கொண்டது.

"இன்னாம்மா, அத்தினி பேருக்கும் உன் நம்பரா?" என்றார் மேலாளர்.

"நம்பர் போடலன்னா உள்ளாற போவ மாட்டேங்குது சார். மலை முச்சூடும் என் வூடுன்னு வச்சிக்கினேன்."

"காலியா கெடந்தா நாம வேலை செய்யலன்னு மேல இருக்கறவங்க நெனப்பாங்களே" என்றார் அவர்.

"பொய்யா ரொப்பி வச்சா?" என்று நான் கேட்டேன்.

உங்கள் பழைய அமைப்பைத் திரும்ப வைத்தேன். போன் தனிப் பதிவு. ஆளின் பதிவில் அதைக் காட்டும் குறிப்பு மட்டும். ஊர் டீக்கடை எண்ணை ஒருமுறை எழுதினால் அந்த ஊருக்கே போதும். மாறினால் ஓரிடத்தில் திருத்தலாம். எதுவுமே இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுதவும் இடமுண்டு. கோப்பும் சிறிதாகிவிட்டது. முன்பு நீங்கள் சொன்னபோது நம்பாமல் சோதித்துப் பார்த்தேனே, நினைவிருக்கிறதா?

இந்த முறை டீக்கடைக்காரர் சொல்லி, சின்னம்மா சரியான நாளில் வந்தாள். "இப்பத்தான் சொல்றமாரி சொல்றீங்க" என்றபடி மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

இன்னொன்று. மலை ஊர்களுக்கு அவசரத் தொடர்பாக உங்கள் எண்ணும் இருக்கிறது. அந்த போனை அண்ணன்தான் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்கிறார். மணி அடித்தால், "அவங்க இல்லீங்க, என்கிட்ட சொல்லுங்க" என்கிறார். எண்ணுக்கு எதிரே உங்கள் பெயரை எடுத்து அவர் பெயரைப் போட வேண்டும். உங்கள் அமைப்பில் ஒரு வரி வேலை. இன்னும் செய்யவில்லை.

திங்கட்கிழமை செய்துவிடுகிறேன். பெயர்தான் மாறும், அண்ணி. எண்ணை யார் சொன்னாலும் அழிக்க மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
தமயந்தி